காப்பகத்திலிருந்து நாய்: குட்டியா, வளர்ந்ததா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மூன்றாம்மாடி:

வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகள் இரண்டாம் வகுப்பு. பகலில் மாமியார் வீட்டில் இருப்பார். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, செல்லப்பிராணி வைத்துக்கொள்ளத் தடையில்லை என்று விசாரித்துவிட்டோம். நாய் வேண்டும் என்று மகள் ரொம்ப நாளாகக் கேட்கிறாள், எனக்கும் ஆசைதான். கடையில் வாங்குவதில்லை, காப்பகத்தில்தான் எடுப்பது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

போன வாரம் காப்பகத்துக்குப் போனோம். மகள் நேராகக் குட்டிகள் இருந்த பக்கம் போய் நின்றுவிட்டாள், இழுத்தாலும் வரவில்லை. நான் சும்மா மற்ற கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு போனபோது கடைசி வரிசையில் ஒரு பழுப்பு நிற ஆண் நாய், ஒரு காது மடிந்தது, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் கூண்டுகளில் எல்லாம் கம்பியில் ஏறிக் குரைத்துக்கொண்டிருக்க இது மட்டும் அசையவே இல்லை. நான் கூப்பிட்டதற்கும் வரவில்லை. ஆனால் மகள் வந்து பக்கத்தில் குந்தியதும் மெதுவாக எழுந்து வந்து, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து அவள் ஷூவை மட்டும் மோந்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டது. நான்கு வயது இருக்கலாம், கருத்தடை செய்தாயிற்று, வீட்டில் வளர்ந்த நாய் என்றார்கள். ஒரு குடும்பம் எடுத்துப் போய் ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம். அதைக் கேட்டதிலிருந்துதான் குழப்பம்.

மாமியார் சொல்வது: எடுத்தால் குட்டியாக எடு, நம் கையில் வளர்ந்தால்தான் நம் பேச்சைக் கேட்கும், பெரிய நாய்க்கு ஊறிய பழக்கம் மாறாது. கணவர் சொல்வது: நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி. (இது ஒரு பதிலா!)

என் கேள்விகள் இவைதான். திருப்பி விடப்பட்ட நாய் என்றால் அதில் ஏதாவது கோளாறு இருக்கும் என்றுதான் அர்த்தமா? எங்களைப் போன்ற வீட்டுக்குக் குட்டி சரிப்படுமா, வளர்ந்தது சரிப்படுமா? எடுக்கும் முன் காப்பகத்தில் என்னென்ன கேட்க வேண்டும்? சொந்த அனுபவத்திலிருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.


கருப்பன்_அப்பா:

சகோதரி, முதலில் கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள். நாய் வந்தபின் "என்ன முடிவு செய்தாலும் சரி" செல்லாது, அதிகாலையில் யார் கீழே கூட்டிப்போவது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

என்னிடம் இருப்பது காப்பகத்திலிருந்து வந்த வளர்ந்த நாய். கருப்பு, பெரிய உருவம், முகவாயில் அப்போதே நரை. குட்டிதான் எடுப்பது என்று போனவன்தான் நானும், அதனால் உங்கள் மகளைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே இருந்த ஊழியர் அம்மா ஒருவர் கேட்ட ஒரே கேள்விதான் என்னை மாற்றியது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றார். யாருமில்லை என்றேன். அப்படியென்றால் குட்டி உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த வரிசைக்கு நடந்துவிட்டார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு மூன்று மாதக் குட்டியால் சிறுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. இரவிலும் எழுப்பும். பல் முளைத்து மாறும் காலத்தில் செருப்பு, மேசைக்கால், சார்ஜர் வயர் எதையும் விடாது. தடுப்பூசி வரிசை முடியும்வரை வெளியில் தரையில் இறக்கவும் யோசிக்க வேண்டும், அதே சமயம் அந்த வயதில்தான் அது மனிதர்களையும் சத்தங்களையும் மற்ற நாய்களையும் பார்த்துப் பழக வேண்டும், மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு பதினான்கு வாரம்வரை உள்ள அந்தக் காலம் திரும்ப வராது. இதையெல்லாம் மாமியார் தலையில் கட்டப்போகிறீர்களா என்று அவரையே கேட்டுப் பாருங்கள், குட்டி வேண்டும் என்பதில் கொஞ்சம் இறங்கி வருவார் என்று நினைக்கிறேன்.

வளர்ந்த நாயில் நீங்கள் பார்ப்பதுதான் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. உருவம், சுறுசுறுப்பு, முடி எவ்வளவு உதிரும், இதெல்லாம் தெரியும். குணம் உடனே தெரியாது. கருப்பன் வந்த புதிதில் சாப்பாட்டு மேசைக்கு அடியிலேயே கிடந்தான். நாங்கள் பார்த்தால் சாப்பிட மாட்டான், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபின் தட்டு நகரும் சத்தம் கேட்கும். எவ்வளவு சாது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் பாராட்டினார்கள். சாது இல்லை, பயம். சில வாரம் கழித்து ஒரு நாள் கூரியர் பையனைப் பார்த்து ஒரு குரை குரைத்தான் பாருங்கள், வீடே அதிர்ந்தது, இவனுக்குக் குரல் இருக்கிறது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். காப்பகக்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மிரட்சி தணிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது என் வீடுதான் என்று மனம் அமைய மூன்று மாதம். விஞ்ஞானக் கணக்கெல்லாம் இல்லை, சுமாராக ஒரு அளவு, ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டால் முதல் வாரத்தில் தீர்ப்பு எழுத மாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறேன். புது நாய் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில நாளில்தான். அதற்கு இன்னும் உங்கள் வீடு வீடில்லை, பெயர் பெயரில்லை, கூப்பிட்டால் வராது. லிஃப்ட் கதவு திறக்கும்போது, கார்க் கதவு திறக்கும்போது, யாரோ வந்து வாசல் கதவைத் திறந்து பேசிக்கொண்டிருக்கும்போது, இந்த மூன்று இடமும்தான் ஆபத்து. பயந்த நாய் பின்பக்கமாக இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்று வந்துவிடும். மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் கயிறு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.


கூண்டுச்சாவி:

பல வருடம் ஒரு காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தொண்டராக இருந்தவள். திருப்பி விடப்பட்ட நாய் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையால் எத்தனை நல்ல நாய்கள் கடைசி வரிசையிலேயே கிடக்கின்றன என்பதைப் பார்த்து நொந்தவள் நான்.

நாய் திரும்பி வரும் காரணங்களில் பாதி நாயைப் பற்றியதே இல்லை. வீடு மாறுகிறோம், வீட்டுக்காரர் ஒப்பவில்லை, குழந்தை பிறக்கப்போகிறது, ஒவ்வாமை, கணவன் மனைவி பிரிவு, இப்படித்தான் படிவத்தில் எழுதுவார்கள். மீதியில்தான் கடித்தது, குரைத்தது, வீட்டில் இருந்த பூனையைத் துரத்தியது, தனியே விட்டால் கதவைப் பிராண்டியது என்று வரும். அதனால் "ஏன் திரும்பி வந்தது" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு மழுப்பலாக ஒரு பதில் வரும். அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் தனியாக இருந்தது, எங்கே படுத்தது, கொண்டுவந்து விட்டவர்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்கலாமா, இப்படிக் கேளுங்கள். ஒரு வாரத்தில் திரும்பியது என்றால் பெரும்பாலும் அந்த வீட்டார் அதற்கு நேரமே தரவில்லை. பிரச்சினை அவர்களிடமா நாயிடமா என்பது இந்த விவரங்களில் தெரிந்துவிடும்.

கூண்டில் பார்ப்பதை வைத்து எடை போடாதீர்கள். நாள் முழுக்கக் குரைப்புச் சத்தம், தூக்கம் கிடையாது, கம்பிக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஆட்கள் வந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போவார்கள். கம்பியில் ஏறிக் கத்துகிற நாய் வெளியே கயிற்றில் வந்ததும் காலடியில் படுத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். மூலையில் சுருண்டு கிடக்கிற நாய் வெளியே வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு புல்லை மோந்து திரிவதும் உண்டு. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களில் நாய்களை ஓரிரு இரவு வீடுகளில் தங்கவைத்து ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. வீட்டில் இருந்த நாட்களில் கார்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது, நன்றாக ஓய்வெடுத்தன, திரும்பக் கூண்டுக்கு வந்ததும் பழைய அளவுக்கே போய்விட்டது. அதனால் அந்தப் பழுப்பு நாயை வெளியே அழைத்துவரச் சொல்லி, ஓர் ஓரமாக உட்கார்ந்து, நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருங்கள். தானாக வருகிறதா, வந்தபின் பக்கத்திலேயே நிற்கிறதா, உடம்பு தளர்ந்திருக்கிறதா விறைப்பா, இதைப் பாருங்கள். ஒருமுறை போதாது, வேறொரு நாள் வேறொரு நேரத்தில் இன்னொரு முறை போங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு.

மகள் குந்தியதும் எழுந்து வந்து மோந்துவிட்டுப் போனது எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் அதைக் கூப்பிடவில்லை, கையை நீட்டவில்லை, கண்ணோடு கண் உற்றுப் பார்க்கவும் இல்லை போலிருக்கிறது. பயந்த நாயிடம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

உடல்நலத்துக்கு வருகிறேன். தடுப்பூசி போட்டாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது, அட்டை வேண்டும், அதில் என்ன ஊசி, எந்தத் தேதி என்று இருக்க வேண்டும். ரேபிஸ் தனி, டிஸ்டெம்பர், பார்வோ என்ற வைரஸ் நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி தனி. குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உண்ணி வழியாக வரும் எர்லிக்கியா என்கிற கிருமி உடம்பில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ரொம்ப நாள் கழித்துத் தலைகாட்டும், அப்போது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் வரும் அளவுக்குப் போகும். முன்கூட்டித் தெரிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் பெரும்பாலும் சரியாகும்.

குட்டிதான் என்று முடிவானால் பார்வோவைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1978 வாக்கில்தான் நாய்களில் பரவத் தொடங்கிய வைரஸ், ஆனால் குட்டிகளை அதுபோல் வாரிக்கொண்டு போவது வேறில்லை. தொற்றியபின் அறிகுறி தெரியச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதாவது காப்பகத்தில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி உங்கள் வீட்டுக்கு வந்து சில நாளில் சாப்பிடாமல் சுருண்டு வாந்தியும் இரத்தபேதியுமாகப் போகலாம், யாரும் உங்களை ஏமாற்றினார்கள் என்று அர்த்தமில்லை. அன்றே டாக்டரிடம் ஓட வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்பதே கூடாது. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் இருக்கும், சாதாரண சோப்புக்கு அடங்காது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். கடந்த வருடம் உங்கள் வீட்டிலோ மாடிப்படியிலோ பார்வோவில் ஒரு குட்டி இறந்திருந்தால் ஊசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். கூட்டு ஊசி ஆறு எட்டு வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறு வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டியது. ஒன்று போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது, ஏனென்றால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும்.

வளர்ந்த நாய் வந்த புதிதில் தொண்டையில் ஏதோ சிக்கியது போல வறட்டு இருமல் இருமினால் பதற வேண்டாம், கென்னல் காஃப் என்கிற தொற்று இருமலாக இருக்கும், நாய்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் சகஜம். சாப்பிடாமல், காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தால் மட்டும் அது வேறு கதை, காட்டிவிடுங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு, நம் கணக்கை வைத்துக்கொண்டு காய்ச்சல் என்று பயந்து ஓடிவருகிறவர்கள் நிறையப்பேர்.

ஆ, மறந்துவிட்டேன். இனம் என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். கலப்பு நாய்க்குப் பார்த்த மாத்திரத்தில் நாங்களாக எழுதுவதுதான் அது.


இருபிள்ளை_அம்மா:

எல்லாரும் நல்ல கதையாகச் சொல்கிறீர்கள், நான் மறுபக்கம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுத்த நாயைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்காக இங்கே யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், முன்பே நிறையக் கேட்டாயிற்று.

அழகான பெண் நாய், பெரியவர்களிடம் உயிராக இருந்தது. குழந்தைகளோடு நன்றாகப் பழகும் என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. என் சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. அது எலும்பு பொம்மை ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் போனான், எடுக்கக்கூட இல்லை, போனான், அவ்வளவுதான். அது மெல்லுவதை நிறுத்திவிட்டு உடம்பை அப்படியே கல்லாக்கிக்கொண்டது, தலை கீழே பொம்மை மேல், கண் மட்டும் பக்கவாட்டில் அவனைப் பார்த்தது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது. அப்புறம் உறுமியது. நான் அவனைத் தூக்கிவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பயிற்சியாளர் வந்து பார்த்தார், இது மாறும், ஆனால் மாதக்கணக்காகும், அதுவரை ஒரு நிமிடம்கூட இருவரையும் தனியே விடக்கூடாது என்றார். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு எங்களால் அது முடியாது. காப்பகத்தில் விசாரித்தால் முந்தைய வீட்டிலும் இதே காரணத்துக்காகத்தான் விட்டுப்போனார்களாம், எங்களிடம் சொல்லவில்லை, சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். எந்தக் காப்பகம் என்று எழுதப்போவதில்லை, நாய்களை அவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குக் கோபம். நாய் இப்போது பிள்ளைகள் இல்லாத ஒரு வயதான தம்பதியிடம் சுகமாக இருக்கிறது, படம்கூட அனுப்பினார்கள்.

அதனால் மூன்றாம்மாடி, குழந்தைகளோடு பழகுமா என்று கேட்காதீர்கள். இந்த நாய் எந்த வயதுக் குழந்தையோடு, எந்த வீட்டில், எவ்வளவு நாள் இருந்தது என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அது நேர்மையான பதில், அதை வைத்துக்கொண்டு நீங்கள் ஜாக்கிரதையாக இருக்கலாம்.


கூண்டுச்சாவி:

இருபிள்ளை_அம்மா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அந்தக் காப்பகம் மறைத்தது தப்பு. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாய் சாப்பிடும்போது தட்டை நெருங்கினால் உறுமுகிறதா என்று காப்பகத்தில் செய்யும் சோதனை முழுசாக நம்பத்தக்கதில்லை. 2013இல் வந்த ஓர் ஆய்வில், காப்பகத்தில் தட்டுக்காக உறுமிய நாய்களில் ஏறத்தாழப் பாதிதான் வீட்டுக்குப் போனபின்னும் அப்படிச் செய்தன, சோதனையில் சாதுவாக இருந்தவற்றில் ஐந்தில் ஒன்றுக்கு வீட்டில் அந்தக் குணம் வெளிப்பட்டது. எந்த நாயாக இருந்தாலும் சாப்பிடும்போதும் எதையாவது மெல்லும்போதும் குழந்தை பக்கத்தில் போகக்கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துவிடுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை மணி, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை மணி அடிக்காமலே கடிக்கும்.


பூனைக்கட்சி:

யாரும் கேட்காத பதில் இது, தெரியும். இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், அடுக்குமாடி, பகலில் வயதானவர். வளர்ந்த பூனை இரண்டு எடுங்களேன்! மாமியார் லிஃப்டில் ஏறி இறங்க வேண்டாம், மழை பெய்தால் கவலை இல்லை. கூடவே வளர்ந்த ஜோடி என்று காப்பகங்களில் இருக்கும், ஜோடியாக எடுக்க ஆள் வருவதில்லை என்பதால் அவை நாள்கணக்கில் காத்துக்கிடக்கும்.

எடுத்தால் இவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.வி., எஃப்.ஈ.எல்.வி. என்று பூனைகளுக்கு வரும் இரண்டு வைரஸ்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்களா? இரண்டாவதுதான் மோசமானது, ஒன்றையொன்று நக்குவதிலும் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதிலும் பரவும். முதலாவது முக்கியமாக ஆழமான கடிக்காயம் வழியாகத்தான் பரவுகிறது, அது இருக்கிற பூனை பல வருடம் நன்றாகவே வாழும், அதனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் ஓடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஓர் அறை, அதில் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் தண்ணீரும் சாப்பாடும். கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் இழுக்காதீர்கள், தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள், அது பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். கேலியாக இருக்கும், ஆனால் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள், மெதுவாகக் கண்சிமிட்டும் ஆளிடம் பூனைகள் நெருங்கிவர அதிகம் விரும்புகின்றன. ஒளிந்திருக்கலாம், ஆனால் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. இரண்டு நாள் ஒன்றும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள், பட்டினி கிடந்த பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது, பெர்மெத்ரின் கலந்ததாக இருந்தால் உயிரே போய்விடும். நமக்கான பாரசிட்டமால் மாத்திரையும் அப்படியே. வீட்டில் லில்லிப் பூ வைக்காதீர்கள், அதன் மகரந்தம் பட்ட உடம்பை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

சரி, கட்சிப் பிரச்சாரம் முடிந்தது.


மூன்றாம்மாடி:

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. பூனைக்கட்சி, கணவர் உங்கள் பதிலை மட்டும் இரண்டு தடவை படித்தார், அவர் ரகசியமாக உங்கள் கட்சி போலிருக்கிறது.

மாமியாரையும் அழைத்துக்கொண்டு திரும்பப் போனோம். கொண்டுவந்து விட்டவர்கள் எழுதிய தாளைக் கேட்டேன், முதலில் தயங்கினார்கள், அப்புறம் காட்டினார்கள். அந்த வீட்டில் இருவரும் காலையில் போனால் இரவுதான் வருவார்கள், நாயைப் பால்கனியில் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அது நாள் முழுக்க ஊளையிட்டதாகப் பக்கத்து வீட்டுப் புகார். கடித்தது, உறுமியது என்று எதுவும் இல்லை. குழந்தைகளைப் பற்றிக் கேட்டதற்கு, முதலில் வளர்ந்த வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்தான், அதற்குக் கீழே தெரியாது என்றார்கள். தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே கொண்டுவந்தார்கள். கூண்டுச்சாவி சொன்னபடி சும்மா உட்கார்ந்தோம். முதலில் எங்களைச் சுற்றிப் பெரிய வட்டமாக நடந்தது, வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்து, கடைசியில் மாமியார் நாற்காலிக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்காமலே, "இது ராத்திரி எங்கே படுக்கும்?" என்று ஊழியரைக் கேட்டார். குட்டி பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது ஒரே கவலை. மாமியார் வாரத்தில் ஓரிரு நாள் கோயிலுக்கோ டாக்டரிடமோ போனால் இரண்டு மூன்று மணி நேரம் தனியாக இருக்கும். மறுபடி ஊளையிட்டால்?


குட்டிப்பட்டாளம்:

நான் குட்டி ஆதரவாளர், ஆனாலும் உங்கள் கதையைக் கேட்டபின் பழுப்புக்குத்தான் என் ஓட்டு. (குட்டிகளுக்கு எப்படியும் ஆள் வருவார்கள்.)

மாமியாருக்கு ஒரு விஷயம். நாய் என்ன எடை என்று கேளுங்கள். திடீரென்று ஒரு பூனையைப் பார்த்து இழுத்தால் அவர் கீழே விழுவார். பகலில் அவர் வெளியே கூட்டிப்போகவே வேண்டாம் என்று ஏற்பாடு செய்யுங்கள். வளர்ந்த நாய் காலையில் போனால் மாலைவரை தாங்கும் என்றாலும் நடுவில் ஒருமுறை போவது நல்லது, அதற்குக் கணவரோ, நடத்திக் கூட்டிப்போக ஒரு ஆளோ. வீட்டுக்குள்ளும் அவர் காலடியில் படுத்துக்கொள்ளும் பழக்கம் வரும் போலிருக்கிறது, இருட்டில் தடுக்காமல் இருக்க ஒரு சின்ன விளக்கு போட்டுவையுங்கள்.


கருப்பன்_அப்பா:

ஊளைக்கு வருகிறேன். பால்கனியில் நாள் முழுக்க அடைபட்டால் எந்த நாயும் ஊளையிடும், அதை வைத்துத் தனிமை நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் இல்லை என்றும் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் எல்லாரும் லீவு போட்டுக்கொண்டு முதல் வாரம் முழுக்க அதைக் கொஞ்சிக்கொண்டே இருந்துவிட்டு, திங்கட்கிழமை ஒரேயடியாகக் கிளம்பிப் போகாதீர்கள், அதுதான் வினை. வந்த இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே ஆரம்பியுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, எங்கும் போகாமல் உட்காருங்கள். சாவிச் சத்தத்துக்கு அது எழுந்து வருவது நிற்கும்வரை இதைச் செய்யுங்கள். அப்புறம் கதவுக்கு வெளியே போய் அரை நிமிடம், உள்ளே வாருங்கள், ஆரவாரம் வேண்டாம். பிறகு ஐந்து நிமிடம், பதினைந்து, ஒரு மணி. கிளம்பும்போது நக்கிக்கொண்டிருக்க ஏதாவது உள்ளே அடைத்த ரப்பர் பொம்மை ஒன்று. பழைய போனில் காமிராவை ஓடவிட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். கொஞ்சம் முனகிவிட்டுப் படுத்தால் சரி. எச்சில் ஒழுக மூச்சிரைத்துக்கொண்டு கதவைவிட்டு நகராமல் நின்றால், அந்தப் பொம்மையைத் தொடக்கூட இல்லையென்றால், அது பிடிவாதமில்லை, பதற்றம். அதற்கு டாக்டரும் பயிற்சியாளரும் வேண்டும், மருந்துகூடத் தேவைப்படலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.


கூண்டுச்சாவி:

நேராகத் தத்து எடுக்காமல் இரண்டு வாரம் பராமரிப்புக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். பல காப்பகங்கள் தரும். சரிப்படவில்லையென்றால் அந்த வீட்டில் நாங்கள் பார்த்தது இதுதான் என்று எழுதிக் கொடுங்கள், அடுத்து எடுக்கிறவர்களுக்கு உதவும்.

சாப்பாட்டை முதல் வாரத்தில் மாற்றாதீர்கள். அங்கே என்ன தின்றதோ அதையே கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் சாப்பாட்டைக் கலந்து மாற்றுங்கள். இல்லையென்றால் வயிறு கெட்டு, வந்த புதிதிலேயே தரையெல்லாம் நாசமாகும். மகளிடம் சொல்லிவையுங்கள், சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி போட்ட சூயிங்கம், எதுவும் அதற்குத் தரக்கூடாது.


மூன்றாம்மாடி:

கேட்டேன், தருகிறார்கள். சனிக்கிழமை போகிறோம். ஹார்னஸ் வாங்கியாயிற்று, கயிறு இரண்டு. கணவர் காலை நடைக்கு ஒப்புக்கொண்டார், சாட்சிகள் இருக்கிறார்கள். தூங்கும் நாயைத் தொடக்கூடாது, சாப்பிடும்போது போகக்கூடாது, கட்டிப்பிடிக்கக்கூடாது என்று மகள் ஒரு அட்டையில் எழுதிக் கூடத்தில் ஒட்டியிருக்கிறாள். நான்காவதாகத் தானே ஒன்று சேர்த்திருக்கிறாள்: பாட்டியும் தொடக்கூடாது. வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?


இருபிள்ளை_அம்மா:

உங்கள் போன் எண் பொறித்த கழுத்துத் தகடு. வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள், காப்பகத்து வாசலைத் தாண்டும் முன்பே கழுத்தில் இருக்க வேண்டும். தோலுக்கடியில் மைக்ரோசிப் இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும், ஆனால் அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி இல்லை, உள்ளே ஒரு 15 இலக்க எண் மட்டும்தான், படிக்கும் கருவி வைத்திருக்கிறவர் பார்த்தால்தான் பயன். அந்த எண் பழைய வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் அதுவும் வீண். உங்கள் பெயருக்கு எப்போது மாற்றுவார்கள் என்று சனிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.


மூன்றாம்மாடி:

தகடு எனக்கு நினைவுக்கே வரவில்லை பாருங்கள். இப்போதே கடைக்குப் போகிறேன். என்ன பெயர் பொறிப்பது என்பதில்தான் வீட்டில் அடுத்த சண்டை, எண்ணை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.